ஒரு நெருப்பு, இரு சுழலிகள்

(இயற்பியல் துறை மாணவர் ஒருவர்)

கிராமத்து வீடுகளின் பழைய அடுக்களையைப் பார்த்தவர்கள் கொடியடுப்பை மறந்திருக்க மாட்டார்கள். பெரிய அடுப்பில் விறகு எரியும். அதன்மேல் சோற்றுப்பானை கொதிக்கும். பானையைச் சூடாக்கிய தணல், வெளியே போய் வீணாகாமல், மண்ணாலான ஒரு சிறு வழியாகப் பக்கத்து அடுப்புக்குச் செல்லும். அங்கே விறகு வைப்பதில்லை. ஆயினும் அதன்மேல் வைத்த குழம்போ வெந்நீரோ மெல்லக் கொதித்துக்கொண்டே இருக்கும். எரிவது ஒரு நெருப்பு. வேகுவது இரண்டு பாத்திரம். நம் பாட்டிமார்கள் வெப்ப இயக்கவியல் படித்தவர்கள் அல்லர். ஆனால் விறகின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

இன்று உலகில் எரிபொருளைக் கொண்டு மின்சாரம் ஆக்கும் பெரிய மின் நிலையங்களில் மிகச் சிக்கனமானது எது என்று கேட்டால், இயற்கை வாயுவால் இயங்கும் கூட்டுச் சுழற்சி மின் நிலையம் என்பதே விடை. அதன் தத்துவம் முழுவதும் அந்தக் கொடியடுப்பில் அடங்கிவிடுகிறது எனலாம். முதல் அடுப்பு வாயுச் சுழலி. இரண்டாம் அடுப்பு நீராவிச் சுழலி. முதலாவது கழித்துவிட்ட வெப்பமே இரண்டாவதற்கு உணவு. இந்நிலையம் எவ்வாறு இயங்குகிறது, அதன் உறுப்புகள் யாவை, இவ்வளவு சிறந்த பொறி நம் நாட்டில் ஏன் பல நாள் வேலையின்றி நிற்க நேர்ந்தது என்பனவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

கார்னோ வகுத்த எல்லை

1824ஆம் ஆண்டில் சாடி கார்னோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் நெருப்பின் இயக்காற்றலைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 28. எட்டே ஆண்டுகளில் காலராவுக்குப் பலியான அந்த இளைஞர் கண்ட உண்மை, இன்றும் எந்தப் பொறியாளராலும் மீற முடியாத சட்டமாக நிற்கிறது. வெப்பப் பொறி எதுவாயினும், தான் பெறும் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற இயலாது. ஒரு பகுதியைக் குளிர்ந்த இடத்தில் விட்டே தீர வேண்டும். எவ்வளவு சூட்டில் வெப்பத்தைப் பெறுகிறோம், எவ்வளவு குளிர்ச்சியில் அதை விடுகிறோம் என்னும் இரண்டு வெப்பநிலைகளே பொறியின் உச்ச வரம்பை நிர்ணயிக்கின்றன.

இதை ஓர் எளிய கணக்கால் பார்க்கலாம். நீராவி நிலையத்தில் ஆவி ஏறத்தாழ 540 டிகிரி செல்சியசில், அதாவது 813 கெல்வினில், சுழலிக்குள் நுழைகிறது. 37 டிகிரியில், அதாவது 310 கெல்வினில், குளிர்கிறது என்று கொள்வோம். கார்னோ வரம்பு 62 விழுக்காடு. வாயுச் சுழலியில் எரிவாயுக்கள் 1,500 கெல்வினில் நுழைந்து 850 கெல்வினில் வெளியேறுகின்றன என்று கொண்டால் வரம்பு 43 விழுக்காடே. மிக அதிகச் சூட்டில் தொடங்கினாலும், மிக அதிகச் சூட்டிலேயே விட்டுவிடுவதால் வந்த இழப்பு இது. ஒன்று மேலே தொடங்கவில்லை. மற்றொன்று கீழே முடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இணைத்து, 1,500 கெல்வினில் தொடங்கி 310 கெல்வினில் முடித்தால் வரம்பு 79 விழுக்காடாக உயர்கிறது. உராய்வும் கசிவும் உள்ள உண்மைப் பொறிகள் இந்த வரம்பை எட்டுவதில்லை. ஆயினும் வரம்பு உயர்ந்தால் அடையக்கூடியதும் உயரும் அன்றோ? கூட்டுச் சுழற்சியின் அடிப்படை இதுவே.

முதல் அடுப்பு: வாயுச் சுழலி

கேஸ் டர்பைன் எனப்படும் வாயுச் சுழலியும் விமானத்தின் ஜெட் எஞ்சினும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஜெட் எஞ்சின் வெளியேறும் வாயுவின் வேகத்தால் விமானத்தை முன்னே தள்ளுகிறது. வாயுச் சுழலியோ அந்த ஆற்றலைக் கொண்டு ஒரு தண்டைச் சுழற்றுகிறது. தண்டின் முனையில் ஜெனரேட்டர் இருக்கிறது.

வாயுச் சுழலிக்கு மூன்று உறுப்புகள். முதலாவது அமுக்கி. ஒரே தண்டில் வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்ட இதழ்கள், வெளிக்காற்றை உள்ளிழுத்துப் படிப்படியாக அழுத்துகின்றன. பெரிய சுழலிகளில் இத்தகைய வரிசைகள் பதினைந்துக்கு மேலும் இருக்கும். அவற்றைக் கடந்து வரும்போது காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 15 முதல் 20 மடங்கு வரை ஆகிவிடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதை நாம் அறிவோம். அதுபோலவே இந்தக் காற்றும் நெருப்பைக் காணும் முன்னரே நானூறு டிகிரி அளவுக்குச் சூடேறிவிடுகிறது.

இரண்டாவது எரியறை. இங்கே இயற்கை வாயு, அதாவது பெரும்பாலும் மீத்தேன், காற்றுடன் கலந்து எரிகிறது. ஒரு கிலோ மீத்தேன் எரிவதற்கு ஏறத்தாழ 17 கிலோ காற்றே போதும். ஆனால் சுழலிக்குள் செல்வதோ ஒரு கிலோ வாயுவுக்கு 40 முதல் 50 கிலோ காற்று. மிகுதிக் காற்று எதற்கு என்று கேட்கலாம். அது இல்லாவிட்டால் சுடர் இரண்டாயிரம் டிகிரிக்கு அருகில் போய்விடும். சுழலியை உருக்காமல் காப்பாற்றுவது அந்த மிகுதிக் காற்றுதான்.

மூன்றாவது உறுப்பே சுழலி. எரிந்த வாயுக்கள் விரிந்து இதழ்களைத் தள்ளிக்கொண்டு பாய்கின்றன. நவீன சுழலிகளில் இந்த வாயுவின் வெப்பநிலை, இதழ்கள் செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையையே தாண்டிவிடுகிறது. உருக வேண்டிய சூட்டில் இதழ் எப்படி நிற்கிறது? நிக்கல் கலப்பு உலோகத்தால் ஆன இதழின் உள்ளே நுண்ணிய வழிகள் அமைத்து, அமுக்கியிலிருந்து எடுத்த காற்றை அவற்றில் செலுத்துகிறார்கள். அக்காற்று மிகச் சிறிய துளைகள் வழியே கசிந்து இதழின்மேல் ஒரு மெல்லிய போர்வையாகப் படர்கிறது. அதற்கும் அடியில் சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பூச்சு உண்டு. சில இதழ்களை ஒரே படிகமாக வார்க்கிறார்கள். நம் படிக இயற்பியல் வகுப்பில் கேட்ட படிக எல்லைகள் இங்கே உயிர்ப் பிரச்சினை ஆகின்றன. சூட்டில் உலோகம் மெல்ல நீண்டு நெகிழ்வது அந்த எல்லைகளில்தான் தொடங்கும். எல்லையே இல்லாத ஒற்றைப் படிகத்தில் அந்தக் குறை பெரிதும் நீங்குகிறது.

இங்கே ஒரு விந்தையைக் குறிப்பிட வேண்டும். சுழலி ஈட்டுவதில் பாதிக்கு மேல் அமுக்கியே தின்றுவிடுகிறது! மீதிதான் ஜெனரேட்டருக்கு. ஆகையால் வாயுச் சுழலி தானாகக் கிளம்பவும் இயலாது. தொடக்கத்தில் வேறொரு மோட்டாரைக் கொண்டோ, ஜெனரேட்டரையே மோட்டாராக ஓட்டியோ அதைச் சுற்றிவிட வேண்டும். தக்க வேகம் வந்தபின் நெருப்பு மூட்டுவார்கள். அதன்பிறகு அது தன் காலில் நிற்கும்.

வெயிலும் அதற்குப் பகை. சூடான காற்று இலேசானது. அதே கன அளவில் குறைந்த நிறையே உள்ளே போகும். 15 டிகிரி வெப்பநிலையில் கணக்கிட்ட மின்னளவு, 40 டிகிரி வெயிலில் பத்து விழுக்காட்டுக்கு மேலும் குறைந்துவிடுகிறது. மின்விசிறிக்காக ஊரே தவிக்கும் சித்திரை வெயிலில்தான் இயந்திரமும் சோர்ந்துபோகிறது என்பது நம் நாட்டுப் பொறியாளர்களின் கவலை. நுழையும் காற்றில் நீரைப் பனிபோலத் தெளித்துக் குளிர்விக்கும் முறையும் இதற்காகவே வந்தது.

இரண்டாம் அடுப்பு: நெருப்பில்லாக் கொதிகலன்

வாயுச் சுழலியை விட்டு வெளியேறும் வாயு 550 முதல் 600 டிகிரி வரை சூடாக இருக்கும். இதை அப்படியே புகைபோக்கியில் விட்டால் எரிபொருளின் ஆற்றலில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் வானத்துக்குப் போய்ச் சேரும். அதைத் தடுத்து நிறுத்தும் உறுப்புதான் வெப்ப மீட்புக் கொதிகலன்.

கொதிகலன் என்றவுடன் நிலக்கரித் தணலும் சாம்பலும் நினைவுக்கு வரும். இதில் பொதுவாக நெருப்பே இல்லை. பல மாடி உயரமுள்ள ஒரு பெட்டி. அதற்குள் ஆயிரக்கணக்கான குழாய்கள். குழாய்களைச் சுற்றி மீனின் துடுப்புபோல் மெல்லிய தகடுகள் ஒட்டியிருக்கும். வெளியே சூடான வாயு, உள்ளே நீர். வாயு எந்தத் திசையில் போகிறதோ அதற்கு எதிர்த்திசையில் நீர் வருகிறது. கடைசியில் உள்ள, சூடு குறைந்த குழாய்களில் குளிர்ந்த நீர் நுழைந்து இளஞ்சூடாகிறது. நடுவில் உள்ள குழாய்களில் கொதித்து ஆவியாகிறது. வாயு முதலில் தொடும் மிகச் சூடான குழாய்களில் அந்த ஆவி மேலும் சூடேறி, ஈரம் சிறிதுமற்ற உலர்ந்த ஆவியாகச் சுழலிக்குப் புறப்படுகிறது.

இதில் மாணவர்கள் சுவைக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. நீர் 100 வளிமண்டல அழுத்தத்தில் கொதிக்க வேண்டுமானால் சுமார் 310 டிகிரி வேண்டும். ஆகவே வாயு அந்தச் சூட்டை நெருங்கிவிட்டால், அதன்பிறகு உயர் அழுத்த ஆவியை அதனால் உண்டாக்க முடியாது. இன்னும் 300 டிகிரிச் சூடு கையில் இருக்கிறது, ஆனால் பயனில்லை. அதற்கு என்ன வழி? 5 வளிமண்டல அழுத்தத்தில் நீர் ஏறத்தாழ 150 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே அதே பெட்டிக்குள் குறைந்த அழுத்தத்தில் இன்னொரு குழாய்த் தொகுதியை வைத்து, எஞ்சிய சூட்டையும் ஆவியாக்கிக்கொள்கிறார்கள். பிரஷர் குக்கரில் நீர் தாமதமாகக் கொதிப்பதும், மலைமேல் விரைவாகக் கொதிப்பதும் எந்த விதியோ, அதே விதி இங்கே இலட்சக்கணக்கில் பணத்தை மிச்சப்படுத்துகிறது. பெரிய நிலையங்களில் மூன்று அழுத்தங்கள் கூட உண்டு. அனைத்தையும் கடந்து வாயு புகைபோக்கியை அடையும்போது அதன் சூடு ஏறத்தாழ 100 டிகிரி அளவே.

அதன்பின் உள்ள கதை நாம் அறிந்ததே. ஆவி நீராவிச் சுழலியைச் சுழற்றுகிறது. சுழலியிலிருந்து இறங்கும் ஆவி குளிர்கலனில் நீராகிறது. அங்கே அழுத்தம் வளிமண்டலத்தின் பத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால் ஆவி கடைசித் துளி வேலையையும் செய்துவிட்டே ஓய்கிறது. நீரைப் பம்புகள் மீண்டும் கொதிகலனுக்கு அனுப்புகின்றன. குளிர்கலனுக்குள் ஓடிச் சூடேறிய வேறு நீர், குளிர்விப்புக் கோபுரத்தில் மழைபோல் விழுந்து ஆறுகிறது. மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கே நீராவியால் கிடைப்பதால், நிலக்கரி நிலையத்தைவிட இங்கே தண்ணீர்ச் செலவு பெரிதும் குறைவு. தண்ணீருக்குத் தவிக்கும் நாட்டுக்கு இதுவும் ஒரு வரவே.

நூறு ரூபாய்க் கணக்கு

எரிபொருளின் ஆற்றலை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாயுச் சுழலி அதில் 36 ரூபாயை மின்சாரமாக்குகிறது. மீதி பெரும்பாலும் சூடான வாயுவாக வெளியேறுகிறது. அதில் 50 ரூபாயளவு வெப்பத்தைக் கொதிகலன் பிடித்துக்கொள்கிறது. நீராவிச் சுழலி அந்த ஐம்பதில் 18 ரூபாயை மின்சாரமாக்கி, 32 ரூபாயைக் குளிர்கலனில் விட்டுவிடுகிறது. புகைபோக்கியில் 12 ரூபாய் போகிறது. உராய்வு முதலிய சில்லறை இழப்புகள் 2 ரூபாய். ஆக, வரவு 36உம் 18உம் சேர்ந்து 54 ரூபாய். சாதாரண நிலக்கரி நிலையத்தில் கிடைப்பது 35 ரூபாய் அளவே.

இந்த 18 ரூபாய்க்காக ஒரு கிராம் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் மாநில மின் நிலையங்களிலும் இந்த விகிதத்தைக் காணலாம். காவிரிப் படுகையில் கிடைக்கும் இயற்கை வாயுவைக் கொண்டு இயங்கும் குத்தாலம் நிலையத்தின் அளவு 101 மெகாவாட். அதில் வாயுச் சுழலி 64, நீராவிச் சுழலி 37. திருமக்கோட்டையை அடுத்த கோவில்களப்பால் நிலையத்தில் வாயுச் சுழலி 70, நீராவிச் சுழலி ஏறத்தாழ 38 மெகாவாட். இராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் நிலையத்தின் முதல் பிரிவில் 60உம் 35உம். எங்கும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கே. இதற்கு மாறாக, சென்னை பேசின் பிரிட்ஜில் 1996இல் அமைந்த 30 மெகாவாட் வாயுச் சுழலிகள் நான்கும் தனி அடுப்புகளே. அவை நாள் முழுவதும் ஓடுவதற்காக ஏற்பட்டவையல்ல. தேவை உச்சத்தில் இருக்கும் சில மணி நேரங்களுக்காக ஏற்பட்டவை. அதற்கு விரைவாகக் கிளம்புவதே முக்கியம், சிக்கனம் பிறகுதான்.

எங்கள் துறையின் கல்விச் சுற்றுலாவில் இத்தகைய கூட்டுச் சுழற்சி நிலையம் ஒன்றைக் கண்டோம். அன்று நீராவிப் பகுதியில் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. வாயுச் சுழலிக்கும் கொதிகலனுக்கும் இடையில் ஒரு பெரிய இரும்புக் கதவு உண்டு. அதைத் திருப்பிவிட்டால் சூடான வாயு கொதிகலனுக்குள் போகாமல் மாற்றுப் புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். அன்று அக்கதவு திரும்பியிருந்தது. புகைபோக்கியின் உச்சியில் புகை எதுவும் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பின்னே இருந்த தென்னை மரங்களின் தலைகள், கானல் நீரில் தெரிவதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தன. உடன் வந்த பொறியாளர் அதைச் சுட்டிக்காட்டி, "அதோ தெரிகிறதே, அதுதான் தம்பி முப்பத்தைந்து மெகாவாட்டு" என்றார். எங்களுள் ஒருவன், "அதற்கும் சேர்த்துத்தானே சார் கேஸ் எரிகிறது?" என்று கேட்டான். அவர், "அதே கேஸ்தான். வேறென்ன?" என்று சொல்லிவிட்டு நடந்தார். வகுப்பில் பலமுறை எழுதிய பயனுறுதிறன் என்னும் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது, அந்தத் தென்னந்தலைகள் நடுங்கியதைக் கண்ட அன்றுதான்.

வளர்ந்த வரலாறு

சூடான காற்றால் பொறியை இயக்கும் எண்ணம் பழையது. ஆங்கிலேயரான ஜான் பார்பர் 1791இலேயே வாயுச் சுழலிக்குக் காப்புரிமை பெற்றார். நீராவிச் சுழலியைச் சார்லஸ் பார்சன்ஸ் 1884இல் நிறைவேற்றிக் காட்டினார். வாயுச் சுழலி மட்டும் நெடுங்காலம் கனவாகவே இருந்தது. அமுக்கி தின்றது போக எதுவும் மிஞ்சவில்லை என்பதே காரணம்.

1939ஆம் ஆண்டில், உலகப் போர் மூளும் தறுவாயில், ஸ்விட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் பிரவுன் பவேரி நிறுவனத்தார் மின்சாரத்துக்காக ஒரு வாயுச் சுழலியை நிறுவினர். அதைச் சோதித்துச் சான்று தந்தவர் சுழலி இயலின் மூதறிஞர் ஆரேல் ஸ்டோடோலா. அப்போது அவருக்கு வயது 80. சுழலி ஈட்டியது 15,400 கிலோவாட். அமுக்கி எடுத்துக்கொண்டது 11,400. மிஞ்சியது 4,000 கிலோவாட். பயனுறுதிறன் 17.4 விழுக்காடு. இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் மிஞ்சியதே வெற்றி. அவசரகாலத் துணைநிலையமாக அமைந்த அந்தப் பொறி அறுபதாண்டுகளுக்கு மேல் பணியில் இருந்து 2002இல் ஓய்வு பெற்றது.

பத்தே ஆண்டுகளில் கொடியடுப்பு வந்துவிட்டது. 1949இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் பெல் ஐல் மின் நிலையத்தில், 3,500 கிலோவாட் வாயுச் சுழலி ஒன்றின் கழிவு வெப்பத்தைக் கொண்டு, பக்கத்தில் இருந்த நீராவிப் பகுதிக்குப் போகும் நீரைச் சூடாக்கினார்கள். உலோகவியல் வளர வளர நுழைவு வெப்பநிலை ஏறியது. அதனுடன் திறனும் ஏறியது. 2011இல் ஜெர்மனியின் இர்ஷிங் நிலையம் 60.75 விழுக்காட்டை எட்டியது. 2016இல் பிரான்சின் புஷேன் நிலையம் 62.22 விழுக்காடு என்று சாதனை படைத்தது. 17இலிருந்து 62 வரை ஏற ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு. கார்னோவின் சட்டத்தை யாரும் மீறவில்லை. அதற்குள் இருந்துகொண்டே ஏணிப்படிகளைச் சேர்த்தார்கள், அவ்வளவே.

நெருப்பின் மறுபக்கம்

நன்மையை மட்டும் சொல்லி நிறுத்துவது அறிவியலாகாது. நிலக்கரியோடு ஒப்பிட்டால் இந்நிலையத்தில் சாம்பல் இல்லை. கந்தகப் புகை இல்லையென்றே கூறலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயுவும் பாதிக்கும் குறைவு. ஆனால் அது சுத்தமாக இல்லாமல் போய்விடவில்லை. மேலும், குழாய்களிலும் கிணறுகளிலும் எரியாமல் கசியும் மீத்தேன், புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிடப் பன்மடங்கு வலியது. புகைபோக்கியில் மிச்சப்படுத்தியதைக் கசிவில் இழந்துவிடலாகாது.

உயிர்க் கேடும் உண்டு. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் மிடில்டவுன் என்னும் ஊரில், கட்டி முடியும் நிலையில் இருந்த ஒரு கூட்டுச் சுழற்சி நிலையத்தில், புதிய குழாய்களில் கிடந்த தூசு தும்புகளை இயற்கை வாயுவைப் பீய்ச்சியே சுத்தம் செய்தார்கள். வெளியேறிய வாயு தீப்பற்றி வெடித்தது. ஆறு தொழிலாளர் மாண்டனர். காற்றைக் கொண்டே செய்திருக்கக்கூடிய வேலை அது. 2014ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அதிகாலையில், ஆந்திரத்தின் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்னும் சிற்றூரில், மின் நிலையத்துக்கு வாயு கொண்டுசென்ற நிலத்தடிக் குழாய் கசிந்து தீப்பிடித்தது. உறங்கிக்கொண்டிருந்தவர்களும் அப்போதுதான் எழுந்தவர்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்னைகள் கருகி நின்றன. அந்தக் குழாயில் ஈரமும் அரிப்பும் இருந்தன. சுழலியின் இதழுக்குக் காட்டும் அக்கறையில் சிறிதளவு குழாய்க்கும் காட்டியிருந்தால் அவர்கள் இன்று இருந்திருப்பார்கள். மின் நிலையத்தின் உறுப்புகளைப் பட்டியலிடும்போது, வேலிக்குள் இருப்பவற்றோடு நிறுத்திவிடக் கூடாது. வயல்களின் அடியில் ஓடிவரும் குழாயும் அதன் உறுப்பே.

வாயு இல்லாத அடுப்பு

இன்னொரு குறை மிகப் பெரியது. சிக்கனமான அடுப்பு இருந்தாலும் விறகு கிடைக்க வேண்டுமே! கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் வாயுவை நம்பி நம் நாட்டில் பல நிலையங்கள் எழுந்தன. 2010ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்ட அந்த உற்பத்தி விரைவில் சரிந்தது. வெளிநாட்டிலிருந்து திரவமாக்கிக் கப்பலில் கொணரும் வாயுவோ விலை அதிகம். 2020ஆம் ஆண்டு வாக்கில் நாட்டில் ஏறத்தாழ 25,000 மெகாவாட் அளவுக்கு வாயு மின் நிலையங்கள் இருந்தன. ஆனால் அவை ஆண்டு முழுவதிலும் ஈன்றது அந்த அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே.

ஜெர்மனியின் இர்ஷிங்குக்கும் இதே கதிதான் நேர்ந்தது. சாதனை படைத்த நான்கே ஆண்டுகளில், 2015இல், அதை மூடிவிட உரிமையாளர்கள் விண்ணப்பித்தனர். காற்றாலையும் சூரிய ஒளியும் மின்சாரத்தின் விலையைக் குறைத்துவிட்டன; வாயுவை எரித்துக் கட்டுபடியாகவில்லை. ஆயினும் காற்று நின்ற நாளுக்கும் சூரியன் மறைந்த வேளைக்கும் ஒரு துணை வேண்டும் என்று அரசு அதை இருப்பில் வைத்துக்கொண்டது. முன்பு இரவு பகல் ஓடுவதற்காகக் கட்டப்பட்ட பொறி, இப்போது அழைத்தபோது ஓடிவரும் பணியாளாக மாறிவருகிறது. ஆனால் அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் தடித்த சுவர்க் குழாய்களும் சுழலியும் சூடேறிக் குளிர்ந்து களைத்துப்போகும். வாயுச் சுழலி அரைமணிக்குள் தயாராகிவிடும். குளிர்ந்து கிடந்த கொதிகலனும் நீராவிச் சுழலியும் அதனுடன் சேரச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை கொடியடுப்பு காலியே. அவசரமும் சிக்கனமும் ஒருசேர வருவதில்லை.

நம் டெல்டாவில் இக்கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. குத்தாலத்துக்கும் கோவில்களப்பாலுக்கும் வரும் வாயு, நெல் விளையும் மண்ணுக்கு அடியிலிருந்து வருவது. அந்த மண்ணைக் காக்க வேண்டும் என்று உழவர்கள் எழுந்து போராடியதையும், 2020ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்ததையும் நாம் அறிவோம். ஆகவே இருக்கும் கிணறுகளிலிருந்து வரும் வாயு குறைந்துகொண்டே போகும் செல்வம். அதை ஒற்றை அடுப்பில் எரித்து மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை வானத்துக்கு விடுவது, நிலத்துக்கும் அதை விட்டுக்கொடுத்த மக்களுக்கும் செய்யும் தவறு.

முடிவுரை

கூட்டுச் சுழற்சி நிலையத்தில் புதிதாகக் கண்டுபிடித்த பொறி எதுவும் இல்லை. அமுக்கி, எரியறை, கொதிகலன், சுழலி யாவும் தனித்தனியே முன்பே இருந்தவை. புதுமை எல்லாம் இரண்டையும் இணைத்த அந்த ஒரு வழியில்தான். ஒருவர் கழித்தது இன்னொருவருக்கு மூலப்பொருள் ஆகக்கூடும் என்று யாரோ ஒருவர் நின்று யோசித்ததால் நூற்றுக்குப் பதினெட்டு கிடைத்தது.

மாணவ நண்பர்களே, இனி எங்கேனும் புகைபோக்கியின் உச்சியில் காற்று நடுங்குவதைக் கண்டால், அழகு என்று கடந்துவிடாதீர்கள். அது என்ன சூடு, எங்கே போகிறது, யாருக்குப் பயன்பட்டிருக்கும் என்று கேளுங்கள். செங்கல் சூளையிலும் சர்க்கரை ஆலையிலும் அரிசி ஆலையிலும் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. அடுத்த அடுப்புக்கு வழி வெட்டத் தெரிந்த பாட்டியின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தக் கணக்கை மறந்துவிடலாகாது.